கணவாய்க் காற்றும் நூற்பாலைக் கணக்கும்: தென்தமிழகக் காற்றாலைகளின் வரலாறு

வளரும் நாடுகள் நிலக்கரியை எரிக்காமல் முன்னேற முடியுமா என்ற கேள்வி உலக மாநாடுகளில் பெரிதாக எழுவதற்கு முன்பே, தமிழ்நாட்டின் தென்கோடியில் அதற்கு ஒரு விடை உருவாகத் தொடங்கியிருந்தது. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு, உடுமலைப்பேட்டை ஆகிய ஊர்களைச் சுற்றி 1980களின் நடுப்பகுதியிலிருந்து எழுந்த காற்றாலைகள், தொழில்மயமாகிக்கொண்டிருந்த ஒரு மாநிலம் கரிம உமிழ்வு குறைந்த மின்சாரத்தைப் பெருமளவில் உற்பத்தி செய்ய முடியும் என்பதைக் காட்டின. ஆனால் அந்த விடையை எழுதியவர்களில் மிகச் சிலரே சுற்றுச்சூழலை மனத்தில் கொண்டிருந்தனர். வானிலைக் கருவிகளைச் செப்பனிட்ட ஓர் இயற்பியலாளர், மின்வெட்டால் அல்லற்பட்ட நூற்பாலை உரிமையாளர்கள், வருமான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு, மின்வாரியத்தின் ஒரு கணக்கு முறை ஆகியவை ஒன்று சேர்ந்ததால் விளைந்த மாற்றம் அது. அதன் பலமும் பலவீனமும் அந்தப் பிறப்பிலேயே அடங்கியிருக்கின்றன.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போலத் தடுக்கிறது. காற்று மேலெழுந்து குளிர்ந்து, சுமந்துவந்த நீரைக் கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. ஆயினும் மலைத்தொடரில் சில இடைவெளிகள் உண்டு. அவற்றுள் பாலக்காட்டுக் கணவாய் மிக அகலமானது. அதற்குத் தெற்கே கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்கள் இருக்கின்றன. அகன்ற வெளியில் பரவி வரும் காற்று குறுகிய வாயில் நுழையும்போது வேகம் கூடுவது இயல்பு என்பதால், இக்கணவாய்களுக்குக் கிழக்கே விரியும் சமவெளிகளில் ஆனி, ஆடி மாதங்களில் காற்று ஓயாமல் வீசுகிறது. குற்றாலத்தில் சாரலாக வருவதும், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று ஊரார் சொல்லக் காரணமானதும் இந்தக் காற்றே. இராதாபுரம், வள்ளியூர், பணகுடிப் பகுதிகளின் வறட்சிக்கும் அங்கு வீசும் காற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: மழையை மலைக்கு அப்பால் விட்டுவிட்டு வேகத்தை மட்டும் கொண்டுவரும் காற்று, மரங்கள் அடராத, விலை மலிந்த மானாவாரி நிலத்தின் மீது தடையின்றி ஓடுகிறது. காற்றாலைக்கு இதைவிடத் தோதான நிலம் அமைவது அரிது.

இக்கணவாய்கள் காற்றுக்கு மட்டும் வழியாக இருந்தவை அல்ல. திருவிதாங்கூர் அரசின் கிழக்குக் காவல் அரண் ஆரல்வாய்மொழியில்தான் இருந்தது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்க வந்த கும்பினிப் படை 1809 பிப்ரவரியில் அந்த அரணைத் தாக்கித் திறந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்லத்துக்கு இருப்புப்பாதை சென்றது. ஆரல்வாய்மொழியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 அன்றுதான், மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது, சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பிற்காலத்தில் தமிழ்நாட்டின் காற்றாலைப் பெருமைக்கு அடிப்படையான வாயில்களில் இரண்டு அந்த எல்லை மாற்றத்தால் கிடைத்தவை என்பது பெரும்பாலும் பேசப்படாத செய்தி.

காற்று வலுவாக வீசுகிறது என்று ஊரார் அறிந்திருப்பது வேறு. அது எவ்வளவு மின்சாரம் தரும் என்று பொறியாளர் அறிவது வேறு. காற்றிலிருந்து பெறக்கூடிய திறன் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது, அதாவது வேகத்தை அதே வேகத்தால் இருமுறை பெருக்கினால் வரும் எண்ணைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் திறன் எட்டு மடங்காகிறது. வேகத்தை அளப்பதில் 10 விழுக்காடு மிகைப்பிழை நேர்ந்தால் திறனின் மதிப்பீட்டில் ஏறத்தாழ 33 விழுக்காடு மிகைப்பிழை ஏறிவிடும். கோடிக்கணக்கில் முதலீடு கேட்கும் ஒரு தொழிலில் அந்தப் பிழை ஒரு நிறுவனத்தையே கவிழ்க்கப் போதுமானது. ஆகவே இந்தியக் காற்றாலைகளின் வரலாற்றை முதல் இயந்திரத்திலிருந்து தொடங்குவதைவிட, காற்றை அளந்தவர்களிலிருந்து தொடங்குவதே முறை.

அவர்களுள் முதன்மையானவர் அன்னா மாணி. திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூருவில் சி. வி. இராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்த அவர், இலண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுக்கொண்டு 1948இல் நாடு திரும்பினார். வெப்பமானி முதல் மழைமானி வரை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருந்த இந்திய வானிலைத் துறை, அவற்றை உள்நாட்டிலேயே துல்லியமாகச் செய்யும் நிலையை அடைந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1976இல் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்ற பின்னர், பெங்களூருவில் ஒரு களஆய்வுப் பிரிவை அமைத்து, நாடெங்கும் சூரிய ஒளியையும் காற்றையும் அளக்கும் பணியில் இறங்கினார். கதிரவன் ஒளி பற்றிய அவருடைய தரவு நூல்கள் 1980களின் தொடக்கத்தில் வந்தன. காற்றாற்றல் தரவு நூல் டி. ஏ. மூலேயுடன் இணைந்து 1983இல் வெளிவந்தது.

அந்த அளவைப் பணி எத்தகையது என்பதைச் சற்று அருகிலிருந்து காண்பது தகும். இழுவைக் கம்பிகளால் நிறுத்தப்பட்ட மெல்லிய இரும்புக் கம்பத்தின் உச்சியில், மூன்று அரைக்கோளக் கிண்ணங்கள் கொண்ட காற்றுவேகமானி சுழன்றுகொண்டிருக்கும். அருகில் ஒரு திசைகாட்டி. கிண்ணங்களின் சுழற்சிகள் எண்ணப்பட்டு, மணிக்கு மணி சராசரி வேகமாக மாற்றப்படும். விமான நிலையங்களிலும் நகரங்களிலும் இருந்த பழைய வானிலை நிலையங்களின் கருவிகள் கட்டடங்களாலும் மரங்களாலும் மறைக்கப்பட்டு, உண்மையைவிடக் குறைந்த வேகத்தையே காட்டிவந்தன. தரையிலிருந்து உயரஉயரக் காற்றின் வேகம் கூடும் என்பதால் ஒரே கம்பத்தில் இரு வேறு உயரங்களில் அளப்பதும் தேவையாயிற்று. தூசியும் உப்புக்காற்றும் தாங்குருளைகளைக் கெடுத்துவிடாதபடி கருவிகளைக் கழற்றிச் சரிபார்த்து மீண்டும் ஏற்றுவது, ஓர் ஆண்டின் எல்லாப் பருவங்களும் முடியும்வரை விடாமல் பதிவெடுப்பது என்று, புகழ் எதுவும் கிட்டாத உழைப்பாக அது நடந்தது. கணவாய்க்குக் கிழக்கே உள்ள சமவெளிகள் நாட்டின் மிகச் சிறந்த காற்று நிலங்களுள் அடங்கும் என்பது இந்த அளவைகளால்தான் உறுதியாயிற்று; இந்த மாற்றத்தில் முதல் மரியாதை இயந்திரம் விற்றவர்களுக்கல்ல, அந்தக் கம்பங்களைக் காத்தவர்களுக்கே உரியது.

அரசின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியதற்கு எண்ணெய் விலையே காரணம். 1973இலும் 1979இலும் உலகச் சந்தையில் பெட்ரோலிய விலை தாறுமாறாக ஏறியபோது, இறக்குமதியை நம்பியிருந்த இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்தது. அதன் பின்விளைவாக 1982இல் நடுவண் அரசு மரபுசாரா எரிசக்தித் துறையை ஏற்படுத்தியது. புவி வெப்பமாதல் அப்போது கொள்கை வகுப்போரின் கவலையாக இல்லை. 1986இல் மகாராட்டிரத்தின் இரத்தினகிரி, குஜராத்தின் ஓகா, தமிழ்நாட்டில் அப்போது திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்த தூத்துக்குடி ஆகிய கடலோரப் பகுதிகளில், 55 கிலோவாட் திறன் கொண்ட டென்மார்க்கு வகைக் காற்றாலைகள் செயல்விளக்கத்துக்காக நிறுவப்பட்டன. ஒரு சிற்றூரின் சில தெருக்களுக்கு மட்டும் போதுமான திறன் கொண்ட அந்தச் சிறிய இயந்திரங்கள், மின்கட்டமைப்போடு இணைந்து ஓட முடியும் என்பதை மெய்ப்பித்தன. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம் என்று மட்டும் அதுவரை அறியப்பட்ட கயத்தாறும், இசக்கியம்மன் கோயிலால் பெயர்பெற்ற முப்பந்தலும் அடுத்தடுத்துக் காற்றாலை நிலங்களாயின.

செயல்விளக்கம் தொழிலாக மாறியதற்குக் காரணம் கொங்கு நாட்டிலும் இராசபாளையத்திலும் திண்டுக்கல்லிலும் இருந்த நூற்பாலைகள். கோயம்புத்தூரில் முதல் ஆலை 1888இல் தொடங்கியது என்றாலும், ஆலைகள் பெருகியது 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகே. ஆகவே அந்த வட்டாரத்துத் தொழில் பெருகியதே மலைநீரின் மின்சாரத்தில்தான் எனலாம். ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் அணைகள் வறண்டு மின்வெட்டு வந்தது. நூற்பாலையில் மின்சாரம் நின்றால் நூல் அறுந்து, கதிர்கள் முடங்கி, ஆட்களுக்குக் கூலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். டீசல் மின்னாக்கியில் ஓட்டினால் நூலின் விலை கட்டாது. பருத்தி விலைக்கு அடுத்தபடியாக மின்கட்டணமே ஆலையின் பெருஞ்செலவுகளுள் ஒன்று என்பதால், மின்சாரத்தைத் தாமே உற்பத்தி செய்துகொள்ளும் எந்த வழியையும் ஆலை உரிமையாளர்கள் கவனமாகக் கணக்கிட்டுப் பார்த்தனர்.

அந்தக் கணக்கைச் சாத்தியமாக்கிய ஏற்பாடுகள் இரண்டு. ஒன்று, வீலிங் எனப்படும் மின்கடத்தல் முறை: முப்பந்தலில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பிகளில் செலுத்திவிட்டு, ஒரு சிறு பங்கைக் கட்டணமாகக் கழித்துக்கொண்டு, கோயம்புத்தூர் ஆலையின் மின்கணக்கில் அதே அளவு யூனிட்டுகளை வரவு வைப்பது. மற்றொன்று, பேங்கிங் எனப்படும் மின்வைப்பு முறை: காற்றுப் பருவத்தில் தேவைக்கு மேல் உற்பத்தியானதை மின்வாரியத்திடம் வரவாக விட்டுவைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்வது. மின்சாரத்தை உண்மையில் யாரும் அடுக்கிவைக்கவில்லை. ஆடியில் வாரியம் வேறொருவருக்கு வழங்கிய மின்சாரத்துக்கு ஈடாகத் தையில் ஆலைக்குத் திருப்பித் தந்தது. ஆண்டில் நான்கைந்து மாதங்களே வலுவாக வீசும் காற்றை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆலையோடு பொருத்தியது இந்தப் பேரேட்டு ஏற்பாடுதான். மின்கலங்களால் இன்று செய்ய முயல்வதை அன்று ஒரு பொதுத்துறை வாரியம் கணக்கேட்டால் செய்தது என்பது பாராட்டத்தக்கது. அதே வேளையில், பருவமில்லாத மாதங்களில் விலை கூடிய மின்சாரத்தைத் திரட்டித் தரும் சுமை வாரியத்தின் தலையில் விழுந்தது என்பதையும் மறைக்கலாகாது. உழவுக்கு விலையில்லா மின்சாரம் வழங்கும் பொறுப்பையும் சுமந்த அந்த வாரியம், பின்னாளில் காற்றாலை உரிமையாளர்களுக்குப் பணம் தரத் தாமதித்ததன் வேர்களில் இதுவும் ஒன்று.

மூன்றாவது காரணி வருமான வரிச் சட்டம். இயந்திரம் தேய்வதால் ஏற்படும் இழப்பை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வருமானத்திலிருந்து கழிப்பதே தேய்மானக் கழிவு. காற்றாலைக்கோ அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே கழித்துக்கொள்ள இடம் தரப்பட்டது. நிறுவன வரி 50 விழுக்காட்டை ஒட்டியிருந்த 1990களின் தொடக்கத்தில், 1 கோடி ரூபாய்க்குக் காற்றாலை நிறுவிய நிறுவனம் அந்த ஆண்டு வரியில் ஏறத்தாழ அரைக்கோடியை மிச்சப்படுத்த முடிந்தது. இந்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி வளர்ச்சி முகமையின் கடனும் சேர, ஆரல்வாய்மொழிச் சாலையின் இருபுறமும் கோபுரங்கள் முளைத்தன. ஆனால் அந்தச் சலுகை காற்றாலையை நிறுவியதற்குக் கிடைத்ததே தவிர, அது மின்சாரம் தந்ததற்குக் கிடைத்ததன்று. 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்ட சொத்துக்குப் பாதிக் கழிவே உண்டு என்பதால் செப்டம்பர் முடிவுக்கு முன்னும், நிதியாண்டு முடியும் மார்ச்சுக்கு முன்னும் அவசர அவசரமாக இயந்திரங்கள் நிறுவப்பட்டன. காற்றுப் பருவம் முடியும் தறுவாயில் இயந்திரத்தை ஓட்டத் தொடங்குவதில் பொறியியல் நியாயம் எதுவும் இல்லை. வரி நியாயம் மட்டுமே இருந்தது. இடத்தேர்வில் கவனக்குறைவும், பராமரிப்பில் அலட்சியமும் இதனால் விளைந்தன. 1996இல் குறைந்தபட்ச மாற்று வரி வந்து, அடுத்த ஆண்டு நிறுவன வரி விகிதமும் குறைந்தபோது, புதிய காற்றாலைகளின் எண்ணிக்கை சட்டெனச் சரிந்தது.

அந்தச் சரிவு ஒருவகையில் நன்மையாகவும் முடிந்தது. வரிக்காக வந்தவர்கள் விலக, மின்சாரம் தேவைப்பட்டவர்கள் நிலைத்தனர். 1998இல் சென்னையில் காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் தொடங்கப்பட்டு, டென்மார்க்கின் உதவியோடு கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையமும் அமைந்தது. தொடக்கக் காலத்து இயந்திரங்களில் இருந்த தூண்டல் மின்னாக்கிகள், மின்சாரம் தரும்போதே தம்முள் காந்தப்புலத்தை உண்டாக்கக் கட்டமைப்பிலிருந்து ஒருவகைத் திறனை உறிஞ்சிக்கொண்டு, கடைக்கோடிக் கிராமத்து மின்பாதைகளில் அழுத்தத்தைத் தாழ்த்தின. மின்தேக்கிகளை இணைத்தும் துணைமின் நிலையங்களை வலுப்படுத்தியும் அது படிப்படியாகத் திருத்தப்பட்டது. வள்ளியூர், நாகர்கோவில், உடுமலை வட்டாரங்களில் தொழிற்பயிற்சியும் பட்டயப் படிப்பும் முடித்த இளைஞர்கள், பல்லிணைப் பெட்டியின் எண்ணெயை மாற்றவும் இறக்கையின் வெடிப்பை ஒட்டவும், இடுப்பில் பாதுகாப்புக் கச்சையுடன் கோபுரம் ஏறிப் பழகினர். காற்றில்லாத மாதங்களில் பழுது பார்த்து, காற்று வீசும் மாதங்களில் ஒரு மணி நேரமும் வீணாகாமல் ஓட்டுவது என்ற அவர்களுடைய பருவ ஒழுங்கு ஒரு புதிய தொழிலையே அந்த ஊர்களில் உருவாக்கியது.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் அடுத்த அலையை எழுப்பியது. பலர் கூட்டாக முதலீடு செய்து தங்கள் தேவைக்கே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் குழுச் சொந்தப் பயன்பாட்டு முறைக்கு 2005ஆம் ஆண்டு விதிகள் வரையறை தந்தன: பயன்படுத்துவோரிடம் குறைந்தது 26 விழுக்காடு பங்கு இருக்க வேண்டும், உற்பத்தியில் 51 விழுக்காட்டை அவர்களே நுகர வேண்டும். தனியே ஒரு காற்றாலை வாங்க இயலாத சிறு ஆலைகளும் இதனால் உள்ளே வந்தன. அதே ஆண்டு கியோட்டோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின், நிலக்கரி மின்சாரத்தைத் தவிர்த்ததற்கான கரிம வரவுகளை விற்கும் வாய்ப்பும் ஏற்பட்டது. காற்றாலைக் கணக்கில் கரிமம் என்ற சொல் இடம்பெற்றது அப்போதுதான். அதுவும் சில ஆண்டுகளில், ஐரோப்பியச் சந்தையில் விலை வீழ்ந்ததும் மதிப்பிழந்தது.

இதற்குள் ஒரு முரண்பாடு முற்றியிருந்தது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டு நிலவிய அதே மாநிலத்தில், காற்றுப் பருவத்தின் உச்சத்தில் ஓடக்கூடிய காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் நிலையும் இருந்தது. கோபுரம் எழுப்பச் சில மாதங்கள் போதும். உயர் அழுத்த மின்பாதைக்கு நிலம் பெற்றுக் கம்பம் நட்டு முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். தென்மாவட்டங்களில் பெருகிய மின்சாரத்தை வடக்கே கொண்டுசெல்லப் பாதை போதவில்லை. தென்னிந்தியக் கட்டமைப்பே நாட்டின் பிற பகுதிகளிலிருந்து தனித்து இயங்கியது. 2013 டிசம்பர் 31 அன்று இராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத்தான் அது தேசியக் கட்டமைப்போடு ஒத்திசைந்தது. நிலக்கரி நிலையங்களைத் தாழ்த்திக் காற்றுக்கு இடம் விட வேண்டும் என்ற விதி 2010ஆம் ஆண்டு மின்கட்டமைப்பு நெறிமுறையிலேயே இருந்தும், நடைமுறையில் அது காக்கப்படவில்லை என்று உற்பத்தியாளர்கள் தொடர்ந்து முறையிட்டனர். உலகெங்கும் வளரும் நாடுகளில் காற்றாலையும் சூரியப் பலகையும் மின்பாதையை முந்திக்கொண்டு ஓடுவதைக் காணலாம். தமிழ்நாடு அந்த இடறலை முன்கூட்டியே சந்தித்தது.

நிலம் கொடுத்த ஊர்களின் கதை இந்த வரலாற்றில் மிகக் குறைவாகவே பதிவாகியுள்ளது. மானாவாரிப் புன்செய்களைத் தரகர்கள் துண்டு துண்டாக வாங்கிக் கைமாற்றினர். நிலத்தை விற்றவருக்குக் கிடைத்தது ஒருமுறை விலை. காற்று ஆண்டுதோறும் ஈட்டித் தந்ததில் அவருக்குப் பங்கில்லை. டென்மார்க்கில் காற்றாலைகளின் தொடக்கக் காலத்தில் ஊரார் கூட்டுறவாகச் சேர்ந்து இயந்திரங்களுக்கு உரிமையாளர் ஆயினர். அங்கிருந்து இயந்திரத்தை வரவழைத்த தமிழ்நாடு அந்தக் கூட்டுறவை வரவழைக்கவில்லை. கூட்டுறவுப் பால் சங்கங்களும் நூற்பாலைகளும் வேரூன்றிய ஒரு மாநிலத்தில் இது நடக்க முடியாத காரியமன்று. அதற்குப் பரவலான முயற்சி நடக்கவில்லை. இது பெரிய குறை.

இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நீண்ட காலம் வகித்த முதலிடத்தை 2023இல் குஜராத்திடம் அது இழந்தது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களை, 1990களில் நிறுவிய 200, 250 கிலோவாட் இயந்திரங்கள் தாழ்ந்த கோபுரங்களில் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் இடத்தில் 2 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறன் கொண்ட உயர்ந்த இயந்திரங்களை நிறுவினால் அதே காற்றிலிருந்து பன்மடங்கு மின்சாரம் பெறலாம். இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் பெருகும்போது காற்றாலைகளுக்கிடையே விட வேண்டிய தொலைவும் பெருகுவதால், பல சிறு உரிமையாளர்கள் ஒன்றுசேராமல் அது கைகூடாது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கென்று மாநில அரசு 2024இல் ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறது. நிலமும் உரிமையும் பங்கும் மறுபடி பேசப்படும் இந்த வேளையில், நாற்பது ஆண்டுகளாகக் கோபுரங்களின் நிழலில் ஆடு மேய்த்துவரும் ஊர்களையும் அந்த ஒப்பந்தங்களில் பங்காளிகளாகச் சேர்க்க வேண்டும். அரசு அதைக் கொள்கையிலேயே எழுதிவைக்க வேண்டும்.